ஒண்டிக்கடையில் நிற்கும் வேலை

போன மாதம் எங்கள் ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் கையில் செல்போன், இன்னொருவர் கையில் சட்டையில் குத்துகிற சின்ன மைக். இளைஞர்களைச் சந்திக்கிற வேலை இனிமேல் பெரும்பாலும் போனில்தான் நடக்கப் போகிறதாம். "உங்க அனுபவத்தை ஒரு நிமிசத்துல சொல்லுங்க அங்கிள், பின்னாடி மியூசிக் போட்டுக்கறோம்" என்றார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற கடைத்தெரு முக்கில் முதன்முதலாகப் போய் நின்ற கதையை ஆரம்பித்தேன். கதையில் நான் ரோட்டைத் தாண்டுவதற்குள் நிமிடம் முடிந்துவிட்டது. என் மனைவி அவர்களுக்குக் காபி கொடுத்து, "இவரு பேச்சு நொம்ப மெதுவுங்க சாமி. எழுதித் தரச் சொல்லுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவன் நான். ஆள் பேர் எழுதுவது, யார் வந்தார் யார் வரவில்லை என்று கத்துவது, இதுதான் என் வேலை. முதலாளி எஸ்டேட்டை விற்றார். வாங்கியவர் காப்பிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு ரிசார்ட் கட்டினார். ரிசார்ட்டில் ஆள் பேர் எழுத வேண்டியதில்லை. வேலையில்லாமல் இருந்த என்னை எங்கள் சபையார் கூப்பிட்டு, தெருவில் இருக்கிற வாலிபர்களோடு நட்பாகப் பழகும் ஊழியத்துக்கு ஆள் தேவை, வருகிறாயா என்று கேட்டார்கள். சேலத்தில் கொஞ்ச நாள் பயிற்சி. பைபிளும் படித்தேன், மெஸ் சாப்பாடும் சாப்பிட்டேன். இரண்டில் ஒன்றுதான் உடம்பில் ஒட்டியது.

என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். சாயங்காலம் ஒண்டிக்கடையில் போய் நிற்க வேண்டும் என்றேன்.

"நிக்கறதுக்குச் சம்பளமா? எங்கண்ணன் இத்தன வருசமா அங்க சும்மாவே நின்னுட்டு இருக்கானே!" என்றாள் மனைவி.

எனக்கு மேலதிகாரி பிரிசில்லா சிஸ்டர். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். ஒல்லியான உடம்பு. வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. அதை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. எதையாவது சுட்டிக்காட்டத்தான் அது. "நல்லது" என்று அவர் யாரையும் பாராட்டியதில்லை. "தப்பு" என்றும் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் "ம்" தான். அந்த "ம்" நீளமாக வந்தால் மறுபடி செய்ய வேண்டும், குட்டையாக வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் தேய்த்த வெள்ளைச் சட்டையில் போயிருந்தேன்.

"வெள்ளைச் சட்டை போட்டா ஒண்ணு கட்சிக்காரரு, இல்லீன்னா பாதிரியாரு. ரெண்டு பேரைப் பாத்தாலும் பசங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. நாளைக்குக் கலர்ச் சட்டை."

"சரிங்க சிஸ்டர்."

"கையில என்ன?"

"துண்டுப் பிரசுரங்க."

குடை நீண்டு அலமாரியைக் காட்டியது. எல்லாவற்றையும் அங்கே வைத்துவிட்டு வந்தேன். பிறகு என்னை எங்கள் சபைக் கோயில் வளாகத்துக்கு அழைத்துப் போனார். சுற்றுச்சுவர் மேல் ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டு, "நான்தான் பையன். நீங்க வாங்க" என்றார்.

நான் பயபக்தியோடு எதிரில் போய் நின்று, "ஸ்தோத்திரம் தம்பி" என்றேன்.

"யோவ், போய்யா" என்றார் சிஸ்டர்.

ஆராதனைக்குப் பூ வைக்க வந்திருந்த சபை மூப்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, பூவை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுவதும் இதே பாடம்தான். எதிரில் போய் நிற்கக் கூடாது, அது போலீஸ்காரர் நிற்கிற இடம். பக்கத்தில் நிற்க வேண்டும், அவர்கள் எதைப் பார்க்கிறார்களோ அதையே நாமும் பார்க்க வேண்டும். நாம் டீ வாங்கிக் கொடுக்கக் கூடாது, அவர்கள் வாங்கிக் கொடுக்கிற வரை காத்திருக்க வேண்டும். என்ன படித்தாய், என்ன வேலை, ஏன் சும்மா இருக்கிறாய் என்று கேட்கவே கூடாது. "ஊரே அந்தக் கேள்வியத்தான் கேக்குது. நாமளும் அதையே கேட்டா நாம எதுக்குங்க?" என்றார்.

இரண்டு விஷயங்களைக் குடையால் தரையில் தட்டிச் சொன்னார். ஒன்று, அவர்களாகக் கேட்கிற வரை ஏசுவைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. இன்னொன்று, வீட்டுக்குத் தெரியாமல் எதுவும் கூடாது. எந்தப் பையனோடு பழகினாலும் அவன் வீட்டில் என் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

"அவங்க கேக்கவே இல்லீன்னா சிஸ்டர்?"

"நின்னுட்டு இருங்க."

அப்படித்தான் கலர்ச் சட்டை போட்டுக்கொண்டு, வெறும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஒண்டிக்கடை முக்கில் போய் நின்றேன். அங்கே ஒரு பைக்கைச் சுற்றி எப்போதும் பையன்கள் இருப்பார்கள். ரூம் தேடுகிற டூரிஸ்டுகளை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் விடுவது, ஜீப்புக்கு ஆள் சேர்ப்பது, அந்த வேலை இல்லாத நேரத்தில் போகிற வருகிறவர்களைக் கிண்டல் செய்வது, இதுதான் அவர்களுடைய பிழைப்பு. நான் பக்கத்தில் நின்று, அவர்கள் பார்த்த திசையில் பார்த்தேன். அவர்கள் மெதுவாகக் கலைந்து போனார்கள். மஃப்டி போலீஸ் என்று நினைத்துவிட்டார்களாம். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவர்களில் ஒருவன், நல்ல உயரமானவன், தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"ஏனுங்க, பொண்ணு ஊட்டுக்காரங்களுங்களா?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. அவனே தொடர்ந்தான்.

"மஞ்சக்குட்டை சதீஷைப் பத்தித்தானுங்க விசாரிக்க வந்திருக்கீங்க? நொம்பத் தங்கமான பையனுங்க. தண்ணி கிண்ணி ஒண்ணும் கெடையாது. அம்மான்னா உசுரு. கோவமே வராது."

"நீங்க யாருங்க?"

"நான் அவனோட சினேகிதனுங்க."

அவனுக்குப் பின்னால் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்த இன்னொருவன் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியோடு சேர்ந்து சாய்ந்துவிட்டான். "டேய் சதீசு, போதுண்டா! பொண்ணு ஓடிரும்டா!" என்று கத்தினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்த பிறகு, நான் பெண் வீட்டுக்காரன் இல்லை, சபையிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன்.

சதீஷுக்கு முகம் தொங்கிப் போயிற்று. "அல்லேலூயாவா? இதுக்குப் போயி தலையெல்லாம் வாரிட்டு வந்தேன்" என்றான். ஆனாலும் டீ சொன்னான். அன்றைக்குச் சிஸ்டரிடமிருந்து கிடைத்த "ம்" மிகக் குட்டையானது.

பைக்கோடு சாய்ந்தவன் ரியாஸ். ஒண்டிக்கடையிலேயே காப்பித்தூள், மிளகு, நீலகிரித் தைலம் விற்கிற கபூர் பாயின் மகன். சதீஷும் அவனும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிப் பிறந்த மாதிரி. ஒருவன் தும்மினால் மற்றவன் மூக்கைத் துடைப்பான். இருவர் வீட்டிலும் என் முகம் தெரிய வேண்டுமே. மஞ்சக்குட்டையில் எஸ்டேட் வேலை பார்க்கிற சதீஷின் அம்மா சரசு என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்து, "இவனுக்கு ஒரு வேலை வாங்கிக் குடுங்க சார்" என்றதோடு முடிந்தது. கபூர் பாய் கடையைத்தான் இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

பாய் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பாதிரியாருங்களா?"

"இல்லீங்க பாய். ஊழியக்காரன்."

"என் பையனை மாத்தறதுக்கு வந்திருக்கீங்களா?"

"நிக்கறதுக்கு வந்திருக்கேனுங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "சம்பளத்துக்கா?"

"ஆமாங்க."

"அவனும் அங்கதான் சும்மா நிக்கறான். அவனையும் உங்க ஆபீசுல சேத்து உடுங்களேன்" என்றார். சிரிக்கவில்லை. மிளகைப் பொட்டலம் கட்டி முடித்துவிட்டு, "ஒண்ணு சொல்றேன். எதையாவது சொல்லித்தான் குடுப்பீங்கன்னா, ஒரு வேளையாவது தொழுவச் சொல்லுங்க. நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்கறான்" என்றார்.

இதற்குப் பயிற்சியில் பாடம் இல்லை. சிஸ்டரிடம் போய் என்ன செய்வதென்று கேட்டேன்.

"அப்பா கேட்டிருக்காருல்ல. சொல்லுங்க" என்றார்.

அப்புறம் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ரியாஸைப் பார்த்ததும், "தொழுதாச்சா?" என்று கேட்பது என் வேலையில் சேர்ந்துகொண்டது. "எங்க அத்தா ஒருத்தரு பத்தாதுன்னு நீங்க வேறயாண்ணா!" என்று தலையில் அடித்துக்கொள்வான். சில நாள் போவான். அவன் பள்ளிவாசலிலிருந்து வருகிற வரை அவன் செருப்புக்கும் செல்போனுக்கும் நான் காவல். இப்படியே காலம் போனது. கேரம் போர்டில் என்னை ஜெயித்தார்கள், டூரிஸ்டுகளிடம் என்னை "எங்க மேனேஜரு" என்று அறிமுகம் செய்தார்கள். என் மனைவியின் அண்ணனும் எங்கள் கூட்டத்தில் சேர்ந்து, தனக்கும் சம்பளம் உண்டா என்று கேட்டான். ஏசுவைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஒருவேளை கேட்டால் சொல்வதற்கு நான் ஒரு நல்ல பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அது ஒரு மார்கழி. மூடுபனி எதிரில் வருகிற ஆளின் மூக்கைக்கூட மறைத்த ஒரு காலை. சதீஷும் ரியாஸும் அடிவாரத்திலிருந்து பைக்கில் மேலே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கொண்டை ஊசி வளைவில் சதீஷ் வேகத்தைக் குறைக்கவில்லை. ஈர ரோட்டில் வண்டி வழுக்கி ஓரச் சுவரில் மோதியது. சதீஷுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் இருந்த ரியாஸின் வலது கால் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி நசுங்கிவிட்டது.

சேலம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு பெஞ்சில் கபூர் பாய் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதையே பார்த்தேன். வெகுநேரம் கழித்து, தலையைத் திருப்பாமல், "ஏனுங்க, நீங்க கும்பிடற சாமி இதுக்கு என்னங்க சொல்றாரு?" என்று கேட்டார்.

அத்தனை காலம் நின்றதற்கு முதல் தடவையாக ஒருவர் கேட்டுவிட்டார். குளியலறையில் சொல்லிப் பார்த்த பதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"தெரியலீங்க பாய்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு சொன்னார்: "காலை எடுக்க வேண்டாமுன்னுட்டாங்க. கம்பி வெச்சு ஒட்டறாங்களாம். முன்ன மாதிரி நடக்க முடியாதாம். நான் யாரையும் கேஸு கீஸுன்னு இழுக்கப் போறதில்லீங்க. ஆனா அந்தப் பையன் மூஞ்சிய மட்டும் நான் பாக்க மாட்டேன். சொல்லிருங்க."

சொல்ல முடியவில்லை. சதீஷ் மஞ்சக்குட்டை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியவன், திறக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் சரசு அம்மா என்னைத் தேடி சபைக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, இங்க நிக்கற சார் இருக்காருங்களா?" என்று கேட்டாராம். மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை, யார் கூப்பிட்டாலும் பதில் இல்லை, அன்றைக்கே நான் செத்துப் போயிருக்கலாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னானாம். "எனக்குப் பயமா இருக்குங்க சார். வேலைக்குப் போகாம நாம்பாட்டுக்கு வாசல்லயே உக்காந்திருக்கேன். போகாம எத்தன நாளைக்குத்தான் இருக்கறது?" என்று அழுதார்.

பிரிசில்லா சிஸ்டர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் அங்கே போய்ச் சொல்லத்தக்க வசனங்களை மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் குடையை என் பக்கம் நீட்டினார்.

"டாக்டரைக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு. நீங்க நாளையிலிருந்து ஒண்டிக்கடைக்குப் போக வேண்டாம். அந்த வாசலுக்குப் போங்க. அம்மா வேலைக்குப் போகட்டும். அவங்க வர்ற வரைக்கும் நீங்க அங்க இருக்கணும். புத்தி சொல்லக் கூடாது. கதவைத் தட்டக் கூடாது."

"அங்க போயி என்னங்க பண்றது?"

"அந்தம்மா என்ன வேலை சொல்றாங்களோ அதைச் செய்ங்க."

மறுநாள் ஷேர் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய் இறங்கினேன். சரசு அம்மாவுக்கு வேலை சொல்லக் கூச்சம். "கோழி மட்டும் காப்பிக்கொட்டையக் கிளறாமப் பாத்துக்குங்க சார்" என்றார். அடுத்த நாள் தண்ணீர் பிடிப்பது சேர்ந்தது. அதற்கடுத்த நாள் பூண்டு உரிப்பது. ஒரு வாரத்தில் கூச்சம் சுத்தமாகப் போய்விட்டது. "சார், ரசம் மட்டும் வெச்சிருங்க, நான் வர்றதுக்கு நேரமாயிரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற அளவுக்கு வந்துவிட்டார். என் வீட்டில் நான் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. செய்தி எப்படியோ என் மனைவிக்கு எட்டி, அங்கே தனியாக ஒரு விசாரணை நடந்தது.

டாக்டர் வந்து, ஜன்னல் வழியாகப் பேசி, மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அம்மா கொடுத்தால் சதீஷ் அதைப் போட்டுக்கொண்டான். எனக்கு மட்டும் பதில் இல்லை. கதவின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். இருமுவான். அது ஒன்றுதான் அவன் உள்ளே இருப்பதற்கு அடையாளம். அவன் இருமாத நாளில் ஜன்னல் ஓரமாகப் போய்ப் போர்வை அசைகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

மிளகு அறுப்பு வந்தது. வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த கொடிகளிலிருந்து பறித்த பச்சை மிளகுக் கொத்துகளைச் சாக்கில் கொட்டி, "இதை உதுத்து வெச்சிருங்க சார்" என்றார் சரசு அம்மா. எஸ்டேட்டில் வேலை பார்த்த அத்தனை வருடமும் மிளகு உதிர்க்க வந்தவர்களின் பேரைத்தான் எழுதியிருக்கிறேனே தவிர, அவர்கள் எப்படி உதிர்த்தார்கள் என்று நின்று பார்த்ததில்லை. நான் ஒவ்வொரு கொத்தாக எடுத்து, பூஜைக்குப் பூ பறிக்கிறவன் மாதிரி விரலால் ஒவ்வொரு மணியாகக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கட்டிப்போன குரல்.

"கால்ல மிதிக்கோணுங்கண்ணா."

எழுந்து ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. சிஸ்டரின் குடை ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்க்காமல், கையிலிருந்த கொத்தைப் பார்த்தபடியே, "செருப்புப் போட்டுட்டா?" என்று கேட்டேன்.

"ஐயோ! வெறுங்கால்லண்ணா."

மிதித்தேன். சாக்கு வழுக்கியது. மணிகள் நாலா பக்கமும் ஓடின. கோழிகள் வேடிக்கை பார்க்க வந்தன. ஜன்னலுக்குள்ளிருந்து பெருமூச்சு மாதிரி ஒன்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் கால் பாதம் இரண்டும் அடுப்பில் வைத்த மாதிரி எரிய ஆரம்பித்தது. குனிந்து பாதத்தைத் தேய்த்தேன். வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. யோசிக்காமல் அதே கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

நான் போட்ட சத்தம் மஞ்சக்குட்டை பஸ் ஸ்டாப் வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். கண் இரண்டிலும் தீ. கையை நீட்டிக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடினேன். குடம் இருந்த திசையில் கோழிக்கூண்டுதான் இருந்தது. அதன்மேல் விழுந்தேன். அப்போது கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"கையக் கீழ போடுங்கண்ணா! கண்ணத் தொடாதீங்க! இப்பிடி உக்காருங்க!"

என்னைத் தூக்கி ஒரு கல்லின்மேல் உட்கார வைத்து, தலையைப் பிடித்துச் சாய்த்து, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினான். என் இரண்டு கையையும் எண்ணெய் போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்தான். "ரைட்டராமா, ரைட்டரு! எஸ்டேட்டுல என்னத்தத்தான் பண்ணுனீங்க?" என்று திட்டிக்கொண்டே இருந்தான். ஈரத் துண்டை மடித்துக் கண்மேல் கட்டிவிட்டான். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது.

நான் அவனைப் பார்க்க முடியாது என்பதால்தான் அவனுக்குப் பேச்சு வந்தது என்று நினைக்கிறேன்.

"மெதுவாப் போடான்னு சொன்னாண்ணா. ரெண்டு தடவ சொன்னான். நாந்தான் சிரிச்சேன்."

அதற்குப் பிறகு அவன் அழுதான். சின்னப் பிள்ளை அழுவது மாதிரி இல்லை, மாடு கத்துவது மாதிரி இருந்தது. நான் கையை நீட்டினேன். எங்கே படுமென்று தெரியவில்லை. அவன் காதில் பட்டது. அங்கேயே வைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சரசு அம்மா வந்தபோது, மகன் வெளியே நின்று மிளகு மிதித்துக்கொண்டிருந்தான். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு கோழி விரட்டிக்கொண்டிருந்தேன். "ஐயோ சாமி" என்று சொன்னவர் மகனைப் பார்த்துச் சொன்னாரா என்னைப் பார்த்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வேலை ரியாஸ். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் காலை நீட்டிப் படுத்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "அவன் எங்கண்ணா? நான் வலியில கெடக்கறேன், அந்த நாய் அங்க மாமியா ஊட்டுல இருக்கற மாதிரி கதவச் சாத்திட்டுக் கெடக்குதா? இந்த வாரம் வரலீன்னா நொண்டிக்கிட்டே வந்து ஒதைப்பேன்னு சொல்லுங்க" என்றான்.

வீட்டுக்குத் தெரியாமல் எதுவும் கூடாது. பாயிடம் போனேன். தராசுக்கு முன்னால் நின்று, சதீஷ் இங்கே வந்து ரியாஸைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பாய் ஒரு பொட்டலத்தைக் கட்டினார், பிரித்தார், மறுபடியும் கட்டினார்.

"சாயங்காலம் அஸர் தொழுகைக்கு நான் பள்ளிவாசலுக்குப் போற நேரத்துல வந்துட்டுப் போவட்டும். நான் திரும்பி வர்றப்ப இருக்கக் கூடாது" என்றார்.

அதன்படியே நடந்தது. சதீஷ் முதல் நாள் உள்ளே போனபோது நான் வாசலில் நின்றேன். உள்ளே ஒரு அடி விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். அன்றிலிருந்து பாய் தொழப் போனதும் சதீஷ் வருவான், ரியாஸைத் தோளில் சாய்த்து நடை பழக்குவான், கடைக்கு ஆள் வந்தால் மிளகு நிறுத்துக் கொடுப்பான். பாய் திரும்புகிற நேரத்துக்குச் சந்து வழியாக மறைந்துவிடுவான். ரியாஸ் கொஞ்ச தூரம் நடக்க ஆரம்பித்தபோது நேரம் போதவில்லை. பாய் யாரும் சொல்லாமலே பள்ளிவாசலில் அதிக நேரம் உட்கார ஆரம்பித்தார். கபூர் பாய்க்கு இப்போதெல்லாம் நொம்ப பக்தி வந்துவிட்டது என்று ஒண்டிக்கடையில் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

அந்த வருட முடிவில் சேலத்திலிருந்து கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். ஏற்காட்டில் எத்தனை ஆத்துமாக்கள் வந்தார்கள் என்று கேட்டார். சிஸ்டர் எழுந்து, ஒரு பையன் கதவைத் திறந்து வெளியே வந்திருக்கிறான் என்றார்.

"ஞானஸ்நானமா?"

"இல்லீங்க. மொளகு" என்றேன் நான், சிஸ்டர் தடுப்பதற்குள்.

கமிட்டிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிஸ்டர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு நடந்ததை முழுவதும் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

சதீஷ் பிறகு மஞ்சக்குட்டை ஷேர் ஜீப்புக்கு டிரைவர் ஆனான். வளைவில் அவன் ஓட்டுகிற மெதுவைப் பார்த்துப் பின்னால் வருகிற பஸ்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்கள். ஒரு நாள் முன் சீட்டில் அவன் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். "ஏண்ணா, அப்ப எதுக்குத்தான் தெனமும் வந்து எங்க ஊட்டு வாசல்ல உக்காந்தீங்க?" என்று கேட்டான். கேட்டுவிட்டான். நான் எனக்குத் தெரிந்த ஏசுவைப் பற்றி முழுவதும் சொன்னேன். தயார் செய்து வைத்திருந்த பதிலைச் சொல்லவில்லை, அது எப்போதோ மறந்துவிட்டது. பின்னால் இருந்த பெண்கள் முருங்கைக்காய்க் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஊர் வந்ததும் சதீஷ் வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்குதுங்கண்ணா. எனக்காக வேண்டிக்குங்க" என்றான். அந்த ஆடியிலும் மாரியம்மன் கோயில் பண்டிகைக்கு அவன்தான் முன்னால் நின்றான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சிஸ்டரிடம் சொன்னேன். "ம். நாளைக்கும் நிக்கப் போறீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவனுக்காக வேண்டிக்கொள்வதையும் நிறுத்தவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு மஞ்சக்குட்டையில் சதீஷுக்குக் கல்யாணம். அந்த விபத்துக்குப் பிறகு அத்தனை வருடமும் கபூர் பாய், அவன் மூஞ்சியைப் பார்க்க மாட்டேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். ஏற்காடு மாதிரிச் சின்ன ஊரில் அது லேசான காரியம் இல்லை. சதீஷ் எதிரில் வந்தால் பாய் நின்று பஸ் போர்டைப் படிப்பார். பஸ் இல்லாவிட்டால் வானத்தைப் பார்ப்பார். கல்யாணத்துக்கு வருவாரென்று யாரும் நினைக்கவில்லை. கைத்தடியோடு ரியாஸ் ஜீப்பிலிருந்து இறங்கினான், அவனுக்குப் பின்னால் பாய் இறங்கினார். "இவன் தனியாப் படி ஏற முடியாதுங்க. அதுக்குத்தான் வந்தேன்" என்று என்னிடம் சொன்னார். ரியாஸ் அதற்குள் படியேறிப் போய்ச் சாப்பாட்டுப் பந்தியை விசாரித்துக்கொண்டிருந்தான்.

தாலி கட்டி முடிந்தது. சரசு அம்மா மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வரிசையாகப் பெரியவர்களிடம் வந்தார். "எல்லாரு கால்லயும் உழுவு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தாய்மாமன், எஸ்டேட்டுப் பெரியவர், நான், அதற்கடுத்த நாற்காலியில் கபூர் பாய். சதீஷ் ஒரு கணம் நின்றான். பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான்.

பாய் பதறி எழுந்து பின்னால் நகர்ந்தார். நாற்காலி சாய்ந்தது. "ஐயய்ய, வேண்டாம்பா! மனுசன் கால்ல மனுசன் உழக் கூடாதுப்பா! எங்க மார்க்கத்துல ஆகாதுப்பா, எந்திரி!" என்றார். சதீஷ் எழவில்லை. நெற்றி தரையில் இருந்தது, முதுகு குலுங்கியது. "எந்திரின்னு சொல்றேன்ல" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். வேறு வழியில்லாமல், முட்டிவலியோடு குனிந்து, இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். தூக்கிய பிறகு அந்தக் கைகளை எடுக்கவில்லை.

வீடியோக்காரர் கேமராவோடு முண்டியடித்துக்கொண்டு வந்தார். "பாய், பாய்! அங்கயே பாத்துட்டு இருக்கறீங்களே, இப்பிடிக் கொஞ்சம் கேமராவப் பாருங்க!" என்று கத்தினார்.

"இருப்பா. இப்பத்தான பாக்கறேன்" என்றார் கபூர் பாய்.